கட்டை எங்கே நின்றது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி தன் தேர்வு விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரு கணக்கின்மேல் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போடப்பட்டிருந்தது. “சார், விடை 50 செ.மீ. என்று வழிகாட்டி நூலில் இருக்கிறது. எனக்கு எப்படிப் போட்டாலும் 48 செ.மீ.தான் வருகிறது. எங்கே தவறு செய்தேன் என்று சொல்லுங்கள்” என்று கேட்டாள். வினா பின்வருமாறு:

சுருள்வில் ஒன்றின் ஒரு முனை சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. மறுமுனையில் 2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மரக்கட்டை இணைக்கப்பட்டுச் சொரசொரப்பான மேசையின்மேல் வைக்கப்பட்டுள்ளது. வில்லின் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன். கட்டைக்கும் மேசைக்கும் இடையே நிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. வில்லின் இயல்பு நீளத்திலிருந்து கட்டையை 20 செ.மீ. இழுத்து விட்டால், அது ஓய்வுக்கு வருமுன் மொத்தம் எவ்வளவு தொலைவு செல்லும்? (புவியீர்ப்பு முடுக்கம் 10 எனக் கொள்க. வில்லின் நிறையைப் புறக்கணிக்க.)

வழிகாட்டி நூலின் விடை மூன்றே வரிகளில் முடிந்திருந்தது. வில்லில் சேமிக்கப்பட்ட ஆற்றல், ½ × 200 × 0.2 × 0.2 = 4 ஜூல். இயக்க உராய்வு விசை, 0.4 × 2 × 10 = 8 நியூட்டன். ஆற்றல் அழிவின்மை விதிப்படி 4 ஜூலும் உராய்வுக்கு எதிராகச் செலவாக வேண்டும்; எனவே தொலைவு 4 ÷ 8 = 0.5 மீட்டர், அதாவது 50 செ.மீ.

பார்வைக்கு எவ்வளவு நேர்த்தியான விடை! ஆனால் அது தவறு. மாணவி எழுதிய 48 செ.மீ. என்பதே சரி. இத்தகைய கணக்குகளை நம் பயிற்சி நூல்களும் வழிகாட்டிகளும் எவ்வாறு போட்டுக் காட்டுகின்றன, எங்கே வழி தவறுகின்றன என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம். எந்த ஒரு நூலையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஒரே வகையான பிழை பல நூல்களில் பல உருவங்களில் வருவதால், அப்பிழையின் வேரைக் காண்பதே நோக்கம்.

கட்டையைப் பின்தொடர்வோம்

கட்டையை விட்டவுடன் என்ன நிகழ்கிறது? 20 செ.மீ. நீண்டுள்ள வில் 40 நியூட்டன் விசையுடன் கட்டையை இழுக்கிறது. நிலை உராய்வு தாங்கக்கூடிய உச்ச அளவு 0.5 × 2 × 10 = 10 நியூட்டன். 40 என்பது 10-ஐவிடப் பெரிது. ஆகவே கட்டை நகரத் தொடங்குகிறது. நகரும்வரை அதை எதிர்ப்பது 8 நியூட்டன் இயக்க உராய்வு.

கட்டை இயல்பு நிலையைக் கடந்து மறுபக்கம் சென்று ஒரு கணம் நிற்கிறது. மறுபக்கம் அது சென்ற தொலைவைக் காண, தொடக்கத்தில் வில்லில் இருந்த ஆற்றலிலிருந்து இப்போது உள்ளதைக் கழித்தால், உராய்வு விசை × சென்ற தொலைவு கிடைக்க வேண்டும். இச்சமன்பாட்டைச் சுருக்கினால் ஓர் எளிய முடிவு வருகிறது: ஒவ்வொரு பாதி அலைவிலும் வீச்சு, உராய்வு விசையின் இருமடங்கை வில் மாறிலியால் வகுத்துவரும் அளவு குறைகிறது. நம் கணக்கில் அது 2 × 8 ÷ 200 = 0.08 மீட்டர், அதாவது 8 செ.மீ.

எனவே 20 செ.மீ.-இல் தொடங்கிய கட்டை மறுபக்கம் 12 செ.மீ. வரை செல்கிறது. இதுவரை சென்ற தொலைவு 32 செ.மீ. அங்கே வில்லின் விசை 24 நியூட்டன். இதுவும் 10-ஐவிடப் பெரிது. கட்டை திரும்புகிறது. மீண்டும் 8 செ.மீ. குறைய, தொடங்கிய பக்கத்தில் 4 செ.மீ.-இல் வந்து நிற்கிறது. இப்பாதியில் சென்றது 16 செ.மீ.; மொத்தம் 48 செ.மீ.

இப்போது கட்டை மறுபடி நகருமா? வில்லின் விசை 200 × 0.04 = 8 நியூட்டன். நிலை உராய்வு 10 நியூட்டன் வரை தாங்கும். ஆகவே கட்டை அங்கேயே நின்றுவிடுகிறது. வில் 4 செ.மீ. நீண்ட நிலையிலேயே இருக்கிறது. அதில் ½ × 200 × 0.04 × 0.04 = 0.16 ஜூல் ஆற்றல் இன்னும் உள்ளது.

கணக்கைச் சரிபார்ப்போம். வெப்பமாக மாறியது 8 × 0.48 = 3.84 ஜூல். வில்லில் எஞ்சியது 0.16 ஜூல். கூட்டினால் சரியாக 4 ஜூல். வரவும் செலவும் பொருந்திவிட்டன.

இதே சோதனையை நூலின் விடைக்கும் செய்து பார்ப்போம். கட்டை 50 செ.மீ. சென்றதாகவே வைத்துக்கொள்வோம். 48 செ.மீ. சென்றபோது அது 4 செ.மீ. குறியில் இருந்தது, இன்னும் 2 செ.மீ. நடுப்பகுதியை நோக்கிச் சென்றால் 2 செ.மீ. குறியில் இருக்கும். அங்கே வில்லில் உள்ள ஆற்றல் 0.04 ஜூல். ஆனால் உராய்வு 8 × 0.5 = 4 ஜூல் முழுவதையும் வெப்பமாக்கிவிட்டது என்கிறது நூல். ஆக மொத்தம் 4.04 ஜூல்! தொடங்கியதோ 4 ஜூலில். ஆற்றல் அழிவின்மை விதியின் பெயரைச் சொல்லியே, இல்லாத 0.04 ஜூலை அந்த மூன்று வரி விடை உண்டாக்கிவிட்டது.

இரண்டு சென்டிமீட்டர்தானே?

‘50-க்கும் 48-க்கும் இடையே பெரிய வேறுபாடு என்ன இருக்கிறது? ஆய்வுக்கூடத்தில் இதைவிடப் பெரிய பிழை வருமே!’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 2 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

இதே கட்டையை வெறும் 4 செ.மீ. மட்டும் இழுத்து மெல்ல விடுவோம். வில்லின் விசை 8 நியூட்டன். நிலை உராய்வு தாங்கும். கட்டை அசையவே அசையாது. நூலின் சூத்திரத்தையோ கேட்டால், வில்லில் உள்ள 0.16 ஜூலை 8 ஆல் வகுத்து, ‘கட்டை 2 செ.மீ. செல்லும்’ என்று விடை தருகிறது. அசையாத கட்டையைச் சூத்திரம் நகர்த்திவிட்டது! மேற்கண்ட கணக்கில் மிகுதியாக வந்த 2 செ.மீ. இதுவேதான். நின்றுபோன கட்டையைத் தாளின்மேல் தள்ளிக்கொண்டு போனதால் வந்த பிழை அது.

சூத்திரம் எப்போதுமே தவறான விடை தருகிறதா என்றால், அதுவும் இல்லை. 24 செ.மீ. இழுத்து விட்டால் கட்டை 24-லிருந்து 16-க்கும், 16-லிருந்து 8-க்கும், 8-லிருந்து சரியாக இயல்பு நிலைக்கும் வந்து நிற்கிறது. சென்ற தொலைவு 40 + 24 + 8 = 72 செ.மீ. வில்லில் இருந்த 5.76 ஜூலை 8 ஆல் வகுத்தாலும் 72 செ.மீ.தான். தற்செயலாக வில்லில் எதுவும் எஞ்சாததால் சூத்திரம் தப்பித்துக்கொண்டது. வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இத்தகைய ‘வசதியான’ எண்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதாலேயே பிழை வெளியில் தெரிவதில்லை.

எண்களைச் சற்று மாற்றி 22 செ.மீ. என்று வைத்துப் பாருங்கள். 22, 14, 6 என்று குறைந்து வந்த கட்டை, 6 செ.மீ.-இல் 12 நியூட்டன் விசை இருப்பதால் மறுபடி நகர்கிறது. ஆனால் இம்முறை நடுநிலையைக் கடப்பதேயில்லை, 4 செ.மீ. மட்டும் சென்று அதே பக்கத்தில் 2 செ.மீ. குறியிலேயே நின்றுவிடுகிறது. மொத்தத் தொலைவு 60 செ.மீ.; வில்லில் எஞ்சுவது 0.04 ஜூல். இதை நீங்களே தாளில் போட்டுப் பார்த்தால், கட்டையின் போக்கு கண்முன் தெரியும்.

நடுநிலையின் இருபுறமும் 5 செ.மீ. தொலைவுக்குள் வில்லின் விசை 10 நியூட்டனைத் தாண்டுவதில்லை. இந்தப் பகுதிக்குள் எங்கே வேகம் அற்று நின்றாலும் கட்டை அங்கேயே தங்கிவிடும். ஆகவே ‘கட்டை எங்கே நிற்கும்?’ என்ற கேள்விக்கு ஆற்றல் விதி மட்டும் விடை சொல்லாது. நிலை உராய்வையும் கேட்டாக வேண்டும். நமது நூல் நிலை உராய்வுக் குணகம் 0.5 என்று வினாவில் கொடுத்துவிட்டு, விடையில் அதைத் தொடவே இல்லை. கொடுத்த ஓர் எண் பயன்படவில்லையே என்ற ஐயம்கூட விடை எழுதியவருக்கு எழவில்லை என்பதுதான் வியப்பு.

மூன்று விதிகள், மூன்று தரங்கள்

இப்பிழையின் வேர் எங்கே இருக்கிறது? பயிற்சி நூல்களில் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு கட்டம் கட்டி மூன்று சூத்திரங்களைத் தருவார்கள். வில்லின் விதி, உராய்வு விதி, ஆற்றல் அழிவின்மை விதி. மூன்றும் ஒரே தரமுடையவை என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இம்மூன்றும் வெவ்வேறு இயல்புடையவை.

நீட்சிக்கு ஏற்ப விசை கூடும் என்னும் வில் விதியை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். 1678-இல்தான் அதை அவிழ்த்துச் சொன்னார். இவ்விதி ஓர் எல்லைக்குள்தான் செல்லும். அளவுக்கு மீறி இழுத்த வில் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை.

உராய்வு விதிகளை 1699-இல் பிரான்சு நாட்டின் அமோந்தோன் எடுத்துரைத்தார். பின்னர் கூலும் விரிவான சோதனைகள் செய்து, 1781-இல் பாரிசு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். இவை சோதனையில் கண்ட தோராயமான விதிகள். பரப்பின் தூய்மை, ஈரம், வேகம் ஆகியவற்றைப் பொறுத்துக் குணகம் மாறும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இயக்க உராய்வுக்கு விதி ஓர் அளவைத் தருகிறது. நிலை உராய்வுக்கோ ஓர் உச்ச வரம்பை மட்டுமே தருகிறது. 4 செ.மீ. குறியில் நின்ற கட்டையின்மேல் செயல்படும் நிலை உராய்வு 10 நியூட்டன் அன்று, 8 நியூட்டன்தான். வில் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே உராய்வும் எதிர்க்கும், வரம்பு மீறும்வரை.

ஆற்றல் அழிவின்மை விதி இவ்விரண்டையும்விட உயர்ந்தது. 1798-இல் ரம்ஃபோர்டு மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைக் குடையும்போது எழுந்த வெப்பத்தைக் கண்டு, உராய்வு இருக்கும்வரை வெப்பம் வந்துகொண்டே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1840-களில் ஜூல் பல சோதனைகளால் வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். 1850-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் நீர், பாதரசம், வார்ப்பிரும்பு ஆகிய மூன்றின் உராய்வையும் கொண்டு அவ்விகிதத்தைக் கண்டிருந்தார். ஹெல்மோல்ட்சு 1847-இல் இவ்விதியைப் பொது விதியாக விளக்கினார். இந்த விதிக்கு விலக்கு இதுவரை கண்டறியப்படவில்லை.

ஆனால் இத்தனை உயர்ந்த விதி நமக்குச் சொல்வது என்ன? வரவும் செலவும் இருப்பும் பொருந்தும் என்று மட்டுமே சொல்கிறது. எந்தத் தலைப்பில் எவ்வளவு இருக்கும் என்று அது சொல்வதில்லை. வீட்டுக் கணக்கில் மாத வருமானம் முழுவதும் செலவாகிவிட்டது என்று எழுதுமுன் பெட்டியில் மீதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நமது வழிகாட்டி நூல் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. 0.16 ஜூல் உள்ளேயே இருந்தது.

பாதி எங்கே போயிற்று?

இதே கவனக்குறைவு இன்னொரு வடிவத்திலும் அடிக்கடி வருகிறது. ‘செங்குத்தாகத் தொங்கும் வில்லில் 1 கிலோகிராம் எடை மாட்டப்படுகிறது. வில் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன். நீட்சி எவ்வளவு?’ ஒரு நூல் எடையையும் வில்லின் விசையையும் சமப்படுத்தி 5 செ.மீ. என்கிறது. மற்றொரு நூல், எடை இழந்த நிலையாற்றலை வில் பெற்ற ஆற்றலுடன் சமப்படுத்தி 10 செ.மீ. என்கிறது. மாணவன் எதை நம்புவது?

இரண்டுமே சரி, ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கு விடைகள் அல்ல. கடையில் சுருள்வில் தராசின் கொக்கியில் காய்கறிப் பையைச் சட்டென்று விடும்போது முள்ளைக் கவனியுங்கள். அது உண்மை எடையைத் தாண்டி எங்கோ போய்த் திரும்பி, ஆடி அடங்கிய பிறகே சரியான எடையில் நிற்கிறது. முதற்பாய்ச்சலில் ஏறத்தாழ இருமடங்கு வரை செல்லும். ஆடி அடங்குமுன் எடையைச் சொல்லும் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நாமே சொல்கிறோம். அந்த அறிவைக் கணக்கிலும் பயன்படுத்த வேண்டும். கையை விட்டவுடன் எட்டும் உச்ச நீட்சி 10 செ.மீ.; கையால் தாங்கி மெல்ல இறக்கினாலும், ஆடி அடங்கினாலும் 5 செ.மீ.

மெல்ல இறக்கும்போது எடை இழந்த நிலையாற்றல் 10 × 0.05 = 0.5 ஜூல். வில் பெற்றதோ 0.25 ஜூல். மீதிப் பாதி எங்கே? தாங்கி இறக்கிய கை அதை வாங்கிக்கொண்டது. கையை விட்டுவிட்டால், ஆடி அடங்கும்போது காற்றும் வில்லின் உட்பகுதியும் அந்தப் பாதியை வெப்பமாக வாங்கிக்கொள்கின்றன. கணக்கில் கையையோ வெப்பத்தையோ சேர்க்காமல் எழுதினால் அந்தப் பாதி காணாமல் போகத்தான் செய்யும்.

இந்தப் பாதியைப் புரிந்துகொண்ட மாணவர், நல்ல நூல்களில் வரும் ஓர் அழகிய கணக்கை எளிதில் வெல்வார். சொரசொரப்பான தரையில் 2 கி.கி. கட்டையும் 4 கி.கி. கட்டையும் நீளாத, சுருங்காத நிலையிலுள்ள ஒரு வில்லால் இணைக்கப்பட்டிருக்கின்றன. குணகம் இரண்டுக்கும் 0.4, நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் அதே அளவு என்று கொள்வோம். 2 கி.கி. கட்டையை மாறாத விசையுடன் இழுக்கிறோம். 4 கி.கி. கட்டை அசைய வேண்டுமானால் குறைந்தது எவ்வளவு விசை வேண்டும்?

பலர் இரண்டு உராய்வுகளையும் கூட்டி, 8 + 16 = 24 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் இது சரி. ஆனால் மாறாத ஒரே விசையைத் தொடக்கத்திலேயே செலுத்தினால், முதற்கட்டை வேகம் பெற்று வில்லைச் சமநிலைக்கு அப்பாலும் நீட்டிவிடும். காய்கறிப் பை முள்ளை அப்பால் கொண்டுபோனதைப் போலவே. ஆற்றல் கணக்கை எழுதினால், வில்லின் விசையில் பாதியும் முதற்கட்டையின் உராய்வும் சேர்ந்ததே தேவையான விசை என்று வருகிறது. வில்லின் விசை 16 நியூட்டனை எட்டினால் இரண்டாங்கட்டை அசையும். ஆகவே 8 + 8 = 16 நியூட்டனே போதும். வில்லின் மாறிலி என்னவாயினும் விடை மாறாது என்பது இக்கணக்கின் தனி அழகு.

இங்கே பாராட்ட வேண்டியதைப் பாராட்டவும் வேண்டும். இத்தகைய கணக்குகளைத் தேடித் தரும் நூல்கள் மாணவருக்குப் பெரும் தொண்டு செய்கின்றன. குறை, கணக்கில் இல்லை. ‘மாறாத விசை’ என்ற சொற்களின் பொருளை விளக்காமல், விடையை மட்டும் மனப்பாடம் செய்யும்படி விடுவதில்தான் உள்ளது. வினாவில் ‘மெல்ல’ என்றும் ‘சட்டென்று’ என்றும் ‘மாறாத’ என்றும் வரும் சொற்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. அவை எண்களுக்கு நிகரான தரவுகள்.

உராய்வு எப்போதும் எதிரியா?

மூன்றாவதாக, நூல்களின் மொழியைப் பற்றி ஒரு சொல். ‘உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும், அது செய்யும் வேலை எப்போதும் எதிர்க்குறியுடையது’ என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ஆலைகளில் மூட்டைகளை ஏற்றிச்செல்லும் ஓடுபட்டையைப் பார்த்தவர் இதை ஒப்பமாட்டார்.

வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டையின்மேல் 50 கி.கி. மூட்டை ஒன்றை வைக்கிறோம். குணகம் 0.4 என்றால் உராய்வு விசை 200 நியூட்டன். மூட்டையை முன்னோக்கித் தள்ளுவது இந்த உராய்வேதான்! அரை வினாடியில் மூட்டை பட்டையின் வேகத்தை எட்டிவிடும். அதற்குள் மூட்டை சென்றது அரை மீட்டர். பட்டை சென்றது 1 மீட்டர். உராய்வு மூட்டைக்குக் கொடுத்த இயக்க ஆற்றல் 200 × 0.5 = 100 ஜூல். பட்டையை ஓட்டும் மோட்டார் இதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 200 × 1 = 200 ஜூல். மற்றைய 100 ஜூல் வெப்பமாயிற்று. மூட்டைக்கும் பட்டைக்கும் இடையே நிகழ்ந்த நழுவலோ அரை மீட்டர். 200 × 0.5 = 100 ஜூல். வெப்பத்தைத் தருவது தரையை வைத்து அளந்த தொலைவு அன்று, ஒன்றன்மேல் ஒன்று நழுவிய தொலைவு என்பது இதிலிருந்து விளங்கும். உராய்வு எதிர்ப்பது இயக்கத்தை அன்று, நழுவலை. இந்த ஒரு சொல்லை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘கட்டை 3.84 ஜூல் வெப்பம் பெற்றது’ என்று எழுதுவதும் இத்தகையதே. அந்த வெப்பத்தைக் கட்டையும் மேசையும் பங்கிட்டுக்கொள்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பது பொருள்களின் இயல்பைப் பொறுத்தது. நம் சமன்பாட்டால் அதைச் சொல்ல முடியாது. உராய்வு விசையைக் கட்டை சென்ற தொலைவால் பெருக்கி, அதுவே கட்டையின்மேல் செய்யப்பட்ட வேலை என்று சொல்வதில் உள்ள சிக்கலை அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஆய்விதழில் ஷெர்வுட், பெர்னார்டு ஆகிய இருவர் 1984-இல் விரிவாக எடுத்துக்காட்டினர். கல்லூரி ஆசிரியர்களே இதில் தடுமாறினர் என்றால், மாணவர் தடுமாறுவதில் வியப்பில்லை. வெப்பத்தைக் ‘கட்டையும் மேசையும் சேர்ந்து’ பெற்றன என்று எழுதினால் போதும், கணக்கு பிழையற்றதாகிவிடும்.

‘ஆற்றல் வீணாயிற்று’, ‘அழிந்தது’ என்ற சொற்களையும் தவிர்ப்பது நல்லது. அந்த 3.84 ஜூல் மிகச் சிறிய வெப்பம். ஒரு கிராம் நீரை முழுதாக ஒரு டிகிரி சூடாக்கக்கூட அது போதாது. தொட்டுப் பார்த்தால் தெரியாது என்பதால் அழிந்துவிட்டது என்று பொருளாகாது.

எப்படி எழுதலாம்?

மூன்று வரி விடையை விரும்புவதற்கு வழிகாட்டி நூல்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் பல கணக்குகள் போட வேண்டும், திருத்துபவருக்கும் நேரமில்லை. உராய்வில்லாத கணக்குகளில் மூன்று வரி முறை முற்றிலும் சரியே. அங்கே தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். நடுவில் நடந்ததைக் கேட்க வேண்டியதில்லை. அதுவே ஆற்றல் முறையின் பெருமை. ஆனால் உராய்வு வந்தவுடன் பாதையையும் கேட்க வேண்டும்; அது போகும் வழியெல்லாம் சுங்கம் வாங்குகிறது. இந்த வேறுபாட்டை நூல்கள் சொல்லாமல் விடுவதே பெருங்குறை.

மாணவர்கள் இத்தகைய கணக்குகளைத் தொடங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: யாருடைய ஆற்றல் கணக்கை எழுதுகிறேன்? கட்டை மட்டுமா, கட்டையும் வில்லும் மேசையும் சேர்ந்தா? இரண்டாவது: எது எதன்மேல் எந்தத் திசையில் நழுவுகிறது? திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் புதிய கட்டம் தொடங்குகிறது. மூன்றாவது: ஒரு கணம் நின்ற இடத்தில் நிலை உராய்வு அதைப் பிடித்து வைக்குமா? நான்காவது: வந்த விடையைத் திரும்ப வரவு செலவில் வைத்தால் பொருந்துகிறதா?

நான்காவது கேள்விக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் செலவிட்டிருந்தால் 4.04 ஜூல் என்ற எண் நூலாசிரியர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

நிலை உராய்வையும் இயக்க உராய்வையும் கண்ணால் காணப் பெரிய கருவிகள் வேண்டா. பள்ளியில் உள்ள சுருள்வில் தராசின் கொக்கியில் ஒரு மரக்கட்டையை மாட்டி, மேசைமேல் கிடைமட்டமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். முள் ஏறிக்கொண்டே போகும், கட்டை அசையாது. திடீரென்று கட்டை நகரும். அதே கணத்தில் முள் சற்றே இறங்கும். ஏறிய உச்சம் நிலை உராய்வின் வரம்பு. இறங்கி நின்றது இயக்க உராய்வு. இதை ஒருமுறை கண்ட மாணவர், வினாவில் இரண்டு குணகங்கள் இருப்பதைப் பார்த்தால் ஒன்றை மறக்கமாட்டார்.

அந்த மாணவியிடம் நான் முதலில், ‘உன் விடையில் வரவும் செலவும் பொருந்துகிறதா என்று பார்’ என்று மட்டும் சொன்னேன். அவள் அங்கேயே உட்கார்ந்து 3.84-ஐயும் 0.16-ஐயும் கூட்டினாள். பிறகு கேட்காமலேயே 50 செ.மீ.-க்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தாள். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்படியானால் புத்தகம் தவறா, சார்?” என்றாள். ஆம் என்றேன். அவளுக்கு அந்த மதிப்பெண்கள் திரும்பக் கிடைக்கவில்லை. தேர்வு முடிந்து, பட்டியலும் போய்விட்டிருந்தது.

மதிப்பெண் போனது ஒரு சிறு இழப்பு. ‘எப்படிப் போட்டாலும் எனக்கு வருவது தவறாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணத்துடன் அவள் வந்தாள் அல்லவா? அதுதான் பேரிழப்பு. அச்சில் வந்தது என்பதற்காக ஒரு விடையை நம்பி, தான் சரியாகப் போட்டதை அடித்துவிடும் மாணவர் எத்தனை பேரோ! இயற்பியல் கணக்கில் நடுவர் அச்சிட்ட நூல் அன்று, கூட்டினால் பொருந்தும் கணக்கே. கட்டை 4 செ.மீ. குறியில்தான் நின்றது.